மட்சுவே: கோட்டையைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் கடல் பக்கமாக, ஷின்ஜி ஏரியின் கரையில் இருக்கும் மட்சுவே, ஷிமானே மாநிலத்தின் தலைநகர். இசுமோ பேராலயத்துக்குப் போகிறவர்கள் வழியில் இங்கே அரை நாள் இறங்குகிறார்கள். கோட்டையில் ஏறுகிறார்கள், அகழிப் படகில் ஒரு சுற்று போகிறார்கள், அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் பார்க்காமல் போகும் இடங்களைப் பற்றியது இந்தப் பக்கம். ஜப்பானின் மரபு மதமான ஷின்டோவின் வழிபாட்டிடங்களை ‘ஆலயம்’ என்றும், பௌத்த வழிபாட்டிடங்களை ‘கோயில்’ என்றும் இதில் குறித்திருக்கிறேன்.

ஜப்பானில் எத்தனையோ கோட்டை நகரங்கள் இருக்க, மட்சுவேக்கு ஏன் போக வேண்டும்?

கோட்டை மட்டும் தப்பிப் பிழைத்து, சுற்றியிருந்த ஊர் அழிந்துபோன இடங்கள் ஜப்பானில் நிறைய உண்டு. இங்கே ஊரும் பிழைத்திருக்கிறது. ஹொரியோ யோஷிஹாரு 1607இல் தொடங்கி 1611இல் கட்டி முடித்த கோட்டையைச் சுற்றி அவர் காலத்து அகழிகளில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. சாமுராய்கள் குடியிருந்த தெரு, தேநீர்க் குடில், சிற்றரசர்களின் கல்லறைகள், பேய்க்கதை பிறந்த பாலத்தடி எல்லாம் நடந்தோ, சிறிய பஸ் பயணத்திலோ போய்ச் சேரும் தொலைவில் இருக்கின்றன.

ஹொரியோ குடும்பம் வாரிசில்லாமல் 1633இல் முடிந்தது. அடுத்து வந்த கியோகோகு குடும்பமும் சில ஆண்டுகளே நீடித்தது. 1638இல், ஜப்பானின் ராணுவ ஆட்சியாளராக இருந்த தொகுகாவா இயேயாசுவின் பேரன் மட்சுதைரா நவோமாசா வந்து சேர்ந்தார். அதன் பிறகு பத்துத் தலைமுறைகள், 1871 வரை, ஒரே குடும்பத்தின் ஆட்சி. இந்தத் தொடர்ச்சியால்தான் ஊரின் ருசிகளும் பழக்கங்களும் கலையாமல் நின்றன என்று நினைக்கிறேன்.

கோட்டைக்குள் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது எது?

தூண்கள். மேல்தளத்துக் காட்சிக்காக எல்லோரும் படிகளில் விரைந்து ஏறிவிடுகிறார்கள். கீழ்த்தளத்திலேயே நின்று ஒரு தூணை அருகில் போய்ப் பாருங்கள். அது ஒரே மரமாக இருக்காது. நடுவில் ஒரு மரம், அதைச் சுற்றிப் பலகைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்விகளும் பட்டைகளும். முந்நூறுக்கும் மேற்பட்ட தூண்களில் 130 இப்படிப் பலகை போர்த்தியவை. அடிமுதல் உச்சிவரை ஓடும் ராட்சத மரங்களைத் தேடாமல், இரண்டு தளங்களை மட்டும் இணைக்கும் தூண்களை மாற்றி மாற்றி நிறுத்தி மொத்தப் பாரத்தையும் பகிர்ந்தளித்திருக்கிறார்கள். கையில் இருந்த மரத்தை வைத்துக்கொண்டு உயரமாகக் கட்டிய தச்சர்களின் சாமர்த்தியம் இது.

அடித்தளத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1935இல் தேசியப் பொக்கிஷமாக இருந்த இந்தக் கோபுரம், 1950இல் சட்டம் மாறியபோது ஒரு படி கீழே இறக்கப்பட்டது. எந்த ஆண்டு கட்டி முடித்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று அப்போது கையில் இல்லை. 2012இல் கோட்டை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மட்சுவே ஆலயத்தில் இரண்டு வேண்டுதல் பலகைகள் கிடைத்தன. அவற்றில் 1611க்குரிய ஆண்டு எழுதியிருந்தது. பலகைகளின் ஆணித் துளைகளை அடித்தளத் தூண்களில் உள்ள துளைகளோடு வைத்துப் பார்த்தபோது அவை அச்சாகப் பொருந்தின. 2015இல் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி திரும்பக் கிடைத்தது.

கோபுரம் இன்று இருப்பதே இரண்டு பேரின் தயவால். 1875இல் அரசு கோட்டைக் கட்டடங்களை ஏலம் விட்டு இடிக்கத் தொடங்கியது. கோபுரத்துக்கு விழுந்த விலை 180 யென். செல்வந்த விவசாயி கட்சுபே மோட்டோஎமோனும் முன்னாள் சாமுராய் தகாகி கொன்பாச்சியும் அந்தப் பணத்தைத் திரட்டிக் கட்டிக் கோபுரத்தை மட்டும் காப்பாற்றினார்கள். ஜப்பானில் அன்றைய வடிவிலேயே எஞ்சியிருக்கும் 12 கோபுரங்களில் இது ஒன்று.

வெளியே வந்ததும் மதில் கற்களையும் பாருங்கள். எடைக்கல் வடிவத்தில் ஒரு குறி சில கற்களில் செதுக்கப்பட்டிருக்கும். அது ஹொரியோ குடும்பச் சின்னம்.

கோட்டை வளாகத்தில் கல் நரிகள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. ஊரிலேயே எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான். கோபுரத்துக்கு வடக்கே, மரங்கள் அடர்ந்த சரிவில் இறங்கினால் ஜோசான் இனாரி ஆலயம் வரும். 1638இல் நவோமாசா நிறுவியது. நெல்லுக்கும் செழிப்புக்கும் உரிய தெய்வமான இனாரியின் தூதர்கள் நரிகள். முன்பக்கத்தில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மூலக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும்.

அங்கே வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான கல் நரிகள். அருகிலுள்ள கிமாச்சி என்ற இடத்தில் வெட்டியெடுக்கும் மணற்கல்லில் செதுக்கியவை. செதுக்க மிருதுவான கல் என்பதால் மழையும் பனியும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். புதிய நரிகளுக்குக் கூர்மையான மூக்கும் விறைத்த காதும் இருக்கின்றன. பழைய நரிகளுக்கு முகமே இல்லை. முதுகில் பாசி ஏறி, வால் இருந்த இடம் ஒரு மேடாக மட்டும் மிஞ்சியிருக்கும். சிலவற்றின் காலடியில் பக்தர்கள் வைத்த விரல் நீளப் பீங்கான் நரிகள் நிற்கின்றன. நடைபாதை சிறியது, கற்கள் வழுக்கும். எதையும் தொடாமல் மெதுவாகச் சுற்றுங்கள். படகுத் துறைக்கு விரையும் கூட்டம் இங்கே வருவதே இல்லை.

ஷியோமி நவாதே தெருவில் எந்த வீட்டுக்குள் போகலாம்?

வடக்கு அகழியை ஒட்டிய அரை கிலோமீட்டர்த் தெரு இது. தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த பழைய பைன் மரங்கள், எதிரே கறுப்புப் பலகைச் சுவர்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டியது ‘புகேயாஷிகி’ எனப்படும் சாமுராய் வீடு. 1733இல் நடந்த தீ விபத்துக்குப் பின் திரும்பக் கட்டப்பட்டது. நடுத்தர நிலையில் இருந்த சாமுராய்கள் வசித்தது.

ஒரு யோசனை: முன்பக்க விருந்தினர் அறையைப் பார்த்த கையோடு பின்பக்கக் குடும்ப அறைகளுக்குப் போய் மரவேலையை ஒப்பிட்டுப் பாருங்கள். மேலதிகாரி வந்து அமரும் அறையில் செலவு தெரியும். மனைவி மக்கள் புழங்கிய அறைகள் எளிமையானவை. சாமுராய் என்றதும் வாளும் கவசமும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு, மாதச் சம்பளத்தில் மரியாதையைக் காப்பாற்றிய ஒரு குடும்பம் இங்கே தெரியவரும்.

இதே தெருவில் உள்ள தனாபே கலைக்கூடம் 1979இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிகுதாகே கியோனோரி. இரும்பு உருக்கும் தொழிலில் தலைமுறைகளாகச் செழித்த தனாபே குடும்பத்தின் தேநீர்ப் பாத்திரங்கள் உள்ளே இருக்கின்றன. தேநீர்க் கலையில் ஆர்வமில்லாதவர்கள் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நகரலாம்.

ஊரில் எங்கு பார்த்தாலும் ‘ஹெர்ன்’ என்ற பெயர் தென்படுகிறதே, யார் அவர்?

லஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர். 1890 ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில ஆசிரியராக மட்சுவேக்கு வந்தார். பதினைந்து மாதங்கள்கூட முழுதாக இருக்கவில்லை. 1891 நவம்பரில் குமமோட்டோவுக்குப் போய்விட்டார். அதற்குள் ஊரின் கதைகள், கோயில்கள், காலை நேர ஓசைகள் என்று கண்ணிலும் காதிலும் பட்டதையெல்லாம் எழுதிவைத்தார். இங்கேதான் சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவை மணந்தார். 1896இல் ஜப்பானியக் குடிமகனாகி கொய்சுமி யாகுமோ என்ற பெயரை ஏற்றார். அவருக்குக் கதைகள் சொன்னவர்களில் செட்சு முக்கியமானவர். நாம் இன்று படிக்கும் பல பேய்க்கதைகள் செட்சுவின் வாய்வழியாக வந்தவை என்பதை மறக்கக் கூடாது.

ஷியோமி நவாதேயின் ஒரு முனையில் அவர் சில மாதங்கள் வாடகைக்கு இருந்த வீடு இருக்கிறது. அறையின் நடுவில் அமர்ந்தால் மூன்று பக்கமும் தோட்டம் தெரியும். அங்கிருந்த குளத்துத் தவளைகளைப் பாம்பு பிடிக்காமல் இருக்க, தம் தட்டிலிருந்த உணவையே பாம்புக்கு வைப்பாராம். பக்கத்தில் 1933இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தில் அவருடைய மேசையைப் பாருங்கள். மிக உயரமானது. சிறுவயதிலேயே ஒரு கண் பார்வை போய்விட்டது, மற்றதும் மங்கல். தாள் முகத்துக்கு அருகில் இருந்தால்தான் எழுத முடியும் என்பதால் அந்த உயரம்.

தேநீருக்கும் இந்த ஊருக்கும் என்ன இவ்வளவு நெருக்கம்?

காரணம் ஒரே மனிதர். மட்சுதைரா வம்சத்தின் ஏழாம் சிற்றரசர் ஹாருசாதோ. தேநீர் உலகில் அவர் பெயர் ஃபுமாய். 1751இல் பிறந்து 1818இல் இறந்தார். 1767இல் அவர் பொறுப்பேற்றபோது சிற்றரசு கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. இந்த வம்சம் இத்தோடு முடிந்தது என்று வெளியே பேசிக்கொண்டார்கள். தலைமை அமைச்சர் அசாஹி தன்பாவின் கடுமையான சிக்கனமும், ஜின்செங் போன்ற பணப்பயிர்களும் நிதியை நிமிர்த்தின.

இளைஞராக இருந்தபோது, ஆடம்பரமாகிவிட்ட தேநீர்க் கலையைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதியவர் ஃபுமாய். பிறகு அவரே நாட்டின் தலைசிறந்த தேநீர்ப் பாத்திரங்களைப் பெரும் பணம் கொடுத்து வாங்கிக் குவித்தார். முரண்பாடுதான். ஆனாலும் வாங்கியவற்றை வகைப்படுத்தி, அளந்து, நூலாகப் பதிவு செய்ததால் இன்றுவரை தேநீர்க் கலைஞர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

அவர் ரசனையைக் கண்ணால் காண மெய்மெய்-ஆன் என்ற குடிலுக்குப் போங்கள். ஷியோமி நவாதேக்குப் பின்னால் உள்ள மேட்டில், கல் படிகள் ஏறினால் வரும். அரிசாவா என்ற அமைச்சர் வீட்டுக்காக 1779இல் கட்டப்பட்டது. பிறகு டோக்கியோவுக்குப் போய், மட்சுவேக்கே திரும்பி, ஃபுமாயின் 150ஆம் நினைவாண்டை ஒட்டி 1966இல் இப்போதைய இடத்தில் அமர்ந்தது. தடித்த வைக்கோல் கூரை, அதன் கீழ் ஃபுமாயின் கையெழுத்தில் பெயர்ப்பலகை. உள்ளே நுழைய விடமாட்டார்கள், வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். விருந்தினர் நுழையும் வாசல் ஒரு சிறு சதுரம். யாராக இருந்தாலும் குனிந்து, முழங்காலிட்டு, நகர்ந்துதான் போக முடியும். சிற்றரசரும் அப்படித்தான் போனார். தேநீர் அறையின் உட்பரப்பு மூன்று பாய் விரிக்கும் அளவுக்குக்கூட வராது.

பக்கத்துக் கூடத்தில் மாச்சா தேநீரும் இனிப்பும் தருகிறார்கள். அவசரமில்லாமல் உட்காருங்கள். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினால் மரங்களுக்கு மேலே கோட்டைக் கோபுரம் தெரியும். கோட்டையை ரசிக்க ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து.

கெஸ்ஷோஜி கோயிலில் ராட்சத ஆமை இருப்பது உண்மையா?

உண்மை. கோட்டைக்கு மேற்கே பதினைந்து இருபது நிமிட நடை. நவோமாசா தம் தாயின் நினைவாக 1664இல் அமைத்த கோயில் இது. முதல் ஒன்பது சிற்றரசர்களின் கல்லறைகளும் மரங்களுக்கிடையே தனித்தனி வாசல்களுடன் இங்கேயே இருக்கின்றன.

ஆறாம் சிற்றரசர் முனேநோபுவின் கல்லறையருகே, முதுகில் நெடிய கல்வெட்டைச் சுமந்துகொண்டு தலை தூக்கி நிற்கிறது ஆமை. தம் தந்தைக்காக ஃபுமாய் நிறுவியது. இரவானால் இந்த ஆமை எழுந்து ஊருக்குள் திரிந்தது என்பது கதை. ஹெர்ன் கேட்ட வடிவத்தில், அது தாமரைக் குளத்தில் நீந்தப் போனதால் கழுத்தை உடைக்க வேண்டியதாயிற்று. வேறொரு வடிவத்தில், அது நகராமல் இருக்கத்தான் முதுகில் கல்லை ஏற்றினார்கள். தலையைத் தடவினால் ஆயுள் நீளும் என்று நம்பி வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு அந்த இடம் வழவழப்பாகிவிட்டது.

ஆமையோடு நின்றுவிடாமல் ஃபுமாயின் கல்லறை வாசலுக்கும் போங்கள். அதில் திராட்சைக் கொத்துகள் செதுக்கியிருக்கும். ஃபுமாய் ஆதரித்த தச்சுக் கலைஞர் கொபாயாஷி ஜொதெய்யின் கைவண்ணம் என்று சொல்லப்படுகிறது. பழமும் இலையும் கொடியும் மரத்தின் ஆழத்திலிருந்து வெளியே பிதுங்குவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஜூன் மாதத்தில் வந்தால் வளாகம் முழுக்க நீல ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும். அப்போது மட்டும் கூட்டம் உண்டு.

பேய்க்கதை நடந்த இடங்களைப் பகலில் பார்க்க முடியுமா?

முடியும். மூன்று இடங்கள் முக்கியம்.

நகாபரா பகுதியிலுள்ள தாயோஜி கோயிலின் இடுகாடு. இரவுதோறும் ஒரு வெளிறிய பெண் மிட்டாய்க் கடைக்கு வந்து மிகச் சிறிய காசுக்குப் பாகு வாங்கிப் போனாளாம். பின்தொடர்ந்தவர்கள் ஒரு கல்லறைக்கடியில் குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தோண்டினார்கள். இறந்த தாயின் அருகில் உயிரோடு ஒரு பச்சைக் குழந்தையும், பாகு வைத்த சிறு கிண்ணமும் இருந்தன. கருவுற்றபடி புதைக்கப்பட்டவள், அங்கே பெற்ற பிள்ளைக்காக எழுந்து வந்திருக்கிறாள். தாயன்பு சாவைவிட வலியது என்று ஹெர்ன் இந்தக் கதையை முடிக்கிறார்.

கோட்டைக்கு வடகிழக்கே ஃபுமோன்-இன் கோயில். அதன் அருகே இருந்த பாலத்தில் இரவில் ஒரு பெண் ஆவி பயறு கழுவும் என்றும், அங்கே ‘ககிட்சுபதா’ என்ற நோ நாடகப் பாட்டை மட்டும் பாடக் கூடாது என்றும் ஊரார் நம்பினார்கள். பயமறியாத ஒரு சாமுராய் உரக்கப் பாடிக்கொண்டே போனான். வீட்டு வாசலில் ஒரு பெண் பெட்டி கொடுத்தாள். திறந்தால் குழந்தையின் தலை. உள்ளே ஓடினால் அவன் பிள்ளை தலையற்றுக் கிடந்தான். இத்தனை கொடூரமான கதைக்கு உரிய கோயிலில் அழகான தேநீர் அறை ஒன்று இருக்கிறது. ஃபுமாயும் வந்த இடம், ஹெர்ன் தேநீர் முறையைக் கற்ற இடம்.

மூன்றாவது ஊர் நடுவே ஓடும் ஆற்றின் மேலுள்ள ஓஹாஷி பாலம். ஹொரியோ காலத்தில் முதல் பாலம் கட்டும்போது தூண்கள் நிற்காமல் ஆற்றில் அமிழ்ந்தன. குறிப்பிட்ட வகைத் தையல் இல்லாத கால்சட்டையோடு முதலில் பாலத்தைக் கடப்பவனைப் பலியிடுவது என்று முடிவு செய்தார்கள். கென்சுகே என்பவன் வந்தான். நடுத்தூணுக்கு அவன் பெயரே நிலைத்தது. பாலத்தின் தென்கரைப் பூங்காவில் அவனுக்கு நினைவுக்கல் இருக்கிறது. இப்போதைய பாலத்தைக் கட்டிய 1930களில் விபத்தில் இறந்த ஒரு பொறியாளரின் நினைவும் அதே இடத்தில் போற்றப்படுகிறது.

மாலையில் வழிகாட்டியோடு இத்தகைய இடங்களைச் சுற்றும் பேய்க்கதை நடைப்பயணமும் உண்டு. சொல்லும் விதத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது என்பதால் ஜப்பானிய மொழி தெரிந்த நண்பர் கூட இருந்தால் நல்லது.

ஊருக்கு வெளியே ஒரே ஒரு இடம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

காமோசு ஆலயம். தயக்கமே இல்லை. இசுமோ பேராலயத்தின் மூலக் கட்டடம் 1744இல் கட்டியது. அதே பாணியில் 1583இல் கட்டிய காமோசு, இந்தப் பாணியில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, தேசியப் பொக்கிஷம். இசுமோவில் வேலிக்கு அப்பாலிருந்து கூரையை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே கல் படி ஏறினால் கட்டடம் கண்ணெதிரே, கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. தரையிலிருந்து உயர எழும் கனத்த தூண்கள், செங்குத்தான மரப்படி, மரப்பலகை வேய்ந்த கூரை. இசுமோவில் பாதி மறைந்திருப்பது இங்கே முழுதாகப் புலப்படும். வழிபடும் தெய்வம் இசனாமி, ஜப்பானியத் தீவுகளைப் பெற்ற தாய்.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் ஃபுடோகி-நோ-ஓகா அருங்காட்சியகம். திரும்பிப் பார்க்கும் மானின் சுடுமண் சிற்பம் ஒன்று அங்கே உண்டு. கழுத்தைத் திருப்பி நிற்கும் அந்தக் கணத்தை ஆறாம் நூற்றாண்டுக் குயவர் பிடித்திருக்கும் அழகுக்காகவே போகலாம். வளாகத்திலுள்ள ஓகதாயாமா புதைமேட்டில் கிடைத்த துருவேறிய வாளை 1980களில் எக்ஸ்ரே எடுத்தபோது, நுகதாபே என்ற குலப்பெயர் எழுத்துகளாகத் தெரிந்தது. 733இல் தொகுத்த இசுமோ நாட்டுக் குறிப்பேடு ஏறக்குறைய முழுமையாக இன்றும் இருக்கிறது. அது எழுதப்பட்ட காலத்து ஆட்சி மையம் இந்த வயல்களில்தான் இருந்தது.

யாயெகாகி ஆலயமும் இந்தப் பக்கமே. தாளில் காசு வைத்துக் குளத்தில் விட்டுத் திருமணப் பலன் பார்க்க இளம்பெண்கள் வருவார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் தாள் மூழ்கினால் கல்யாணம் சீக்கிரம்.

ஏரிக்கரையில் அந்திப் பொழுதை எங்கிருந்து பார்ப்பது?

ஷிமானே கலை அருங்காட்சியகத்தின் ஏரிப்பக்கம் எல்லோரும் கூடுவார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை சூரியன் மறைந்து அரை மணி கழித்தே அருங்காட்சியகத்தை மூடுகிறார்கள். கொஞ்சம் தெற்கே நடந்தால் கரையில் பௌத்த தெய்வமான ஜிசோவின் சிலைகள் இருக்கும். அங்கே அமைதி கூடுதல்.

எதிரே தெரியும் சிறு தீவு யோமெகாஷிமா. மாமியார் கொடுமை தாங்காமல் பிறந்த வீடு நோக்கி உறைந்த ஏரியில் நடந்த மருமகள், பனி உடைந்து மூழ்கினாள். இரங்கிய தெய்வம் அவள் உடலோடு தீவை மேலெழச் செய்தது என்பது வழக்கு. தீவில் பென்டென் தெய்வத்துக்கு ஆலயம் உண்டு. நம் சரஸ்வதியே பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் ஜப்பானில் பென்டென் ஆனாள். கையில் அங்கும் ஒரு நரம்பிசைக் கருவிதான்.

கடற்கரைப் பக்கம் ஏதாவது?

நேரம் இருந்தால் மிஹொனோசெகி. துறைமுகச் சிற்றூர், மழை பட்டால் நீலம் பூக்கும் கல் பாவிய சந்து, 1813இல் கட்டிய இரட்டைக் கூரை மிஹோ ஆலயம். இசையை விரும்பும் தெய்வம் என்பதால் காணிக்கையாக வந்த நூற்றுக்கணக்கான இசைக்கருவிகள் அந்த ஆலயத்தில் இருக்கின்றன.

காகா கடற்கரையின் குகெதோ குகைக்குப் படகில்தான் போக முடியும், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இறந்த குழந்தைகளின் ஆவிகள் கற்களை அடுக்கும் இடம் என்று நம்பப்படும் குகை. பிள்ளையை இழந்தவர்கள் வைத்த பொம்மைகளும் செருப்புகளும் கிடக்கும். ஒரு கல்லைக்கூடத் தட்டிவிடாமல் நடக்க வேண்டும். மனம் கனக்கும் இடம். சிறு குழந்தைகளோடு போக நான் சொல்லமாட்டேன்.

சைவ உணவுக்காரர்கள் என்ன சாப்பிடலாம்?

இனிப்புகளில் கவலையில்லை. கியோட்டோ, கனசாவாவுக்கு அடுத்தபடியாக இனிப்புக்குப் பெயர் பெற்ற ஊர் இது. ஃபுமாய் விரும்பிய மூன்று வகைகளைத் தேடுங்கள். பச்சைப் பொடி போர்த்திய, மிருதுவான அரிசி இனிப்பு வகாகுசா. சிவப்பும் வெள்ளையுமாக வரும் யாமாகாவாவைக் கையால் பிட்டுத் தின்ன வேண்டும். கத்தி வைக்கக் கூடாது, பிட்ட ஓரம் கரடுமுரடாக இருப்பதே அழகு. மூன்றாவது நதானே-நோ-சாதோ, கடுகுப்பூ வயலின் மஞ்சளில்.

சாப்பாட்டில்தான் சிக்கல். வட்ட அரக்குத் தட்டுகளை மூன்றடுக்காகக் கொண்டுவரும் வரிகோ சோபா என்ற நூடுல்ஸ் இங்கே பிரசித்தம், ஆனால் ஊற்றிக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கும். ஏரியில் வாரியெடுக்கும் ஷிஜிமி மட்டி போட்ட சூப் அசைவம் என்பது சொல்லாமலே விளங்கும். கடையில் அமர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அரிசிச் சோற்று உருண்டையும் பழமும் பையில் இருந்தால் நிம்மதி.

எப்படிப் போவது, எத்தனை நாள் வேண்டும்?

ஒகாயாமாவிலிருந்து ‘யாகுமோ’ விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். டோக்கியோவிலிருந்து ‘சன்ரைஸ் இசுமோ’ இரவு ரயிலும் வருகிறது. அதில் படுக்கை கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஊருக்குள் சிவப்பு நிறச் சுற்றுப் பஸ் ஓடுகிறது. இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் கோட்டை, நரிகள், சாமுராய் தெரு, மெய்மெய்-ஆன். மறுநாள் காலையில் காமோசு, பிற்பகலில் கெஸ்ஷோஜி. இசுமோ பேராலயத்துக்கு ஏரிக்கரையோரம் போகும் இச்சிபாதா ரயிலில் ஒரு மணி நேரம். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோட்டைக் கோபுரத்தின் படிகள் மிகச் செங்குத்தானவை. விட்டுவிட்டு அகழிப் படகில் போகலாம். அதிலும் தாழ்வான பாலங்களின் கீழே கூரையை இறக்குவார்கள், எல்லோரும் குனிந்துதான் ஆக வேண்டும்.

ஹோரன்-என்யா விழாவைப் பார்க்க முடியுமா?

2029 வரை காத்திருக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் விழா. கடைசியாக 2019 மே மாதத்தில் நடந்தது. 1648இல் பருவம் பொய்த்தபோது, ஜோசான் இனாரி தெய்வத்தைப் படகில் ஏற்றி அதகாயா ஆலயத்துக்குக் கொண்டுபோய் விளைச்சலுக்காக வேண்டினார்கள். 1808இல் தெய்வம் ஏறிய படகு புயலில் சிக்கியது; மகாதா ஊர் மீனவர்கள் பாய்ந்து வந்து காப்பாற்றினார்கள். அன்றுமுதல் துணைப் படகுகளும் சேர்ந்துகொண்டன. இப்போது ஐந்து ஊர்களின் அலங்காரப் படகுகள் உட்பட ஏறத்தாழ நூறு படகுகள் ஊர்வலமாகப் போகின்றன. படகின் முனையில் வாள் வடிவத் துடுப்போடு ஒருவர் ஆட, பின்புறம் பெண் வேடமிட்டவர் உடலை வில்லாக வளைத்துத் தண்ணீரைத் தொடுமளவு சாய்வார்.

ஒன்பது நாள் விழாவில் தெய்வம் புறப்படும் நாள், நடுநாள், திரும்பும் நாள் ஆகிய மூன்றும் முக்கியம். நடுநாள் சடங்குகள் அதகாயா பக்கம் நடப்பதால், ஊருக்குள் பார்க்க முதல் நாளும் கடைசி நாளுமே ஏற்றவை. ஓஹாஷி ஆற்றங்கரையில் இடம்பிடிக்க வேண்டும் என்றால் விடுதியை அதற்கு முந்தைய ஆண்டே பதிவு செய்துவிடுங்கள்.